செல்போனில் குரூப் 4 படிக்கிறவர்களுக்கு

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவரிடம் "போனைத் தூக்கி ஓரமா வை" என்று சொல்வது சுலபம். ஆனால் பாடப்புத்தக பிடிஎஃப், யூடியூப் வகுப்பு, டெலிகிராம் மாதிரித் தேர்வு எல்லாம் அதற்குள்தானே இருக்கின்றன? அரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து கோச்சிங்குக்கு தினமும் தருமபுரி வந்துபோக எல்லோருக்கும் வசதிப்படாது. எனக்கும் அப்படித்தான்; போனை வைத்துத்தான் படித்தேன். எதற்காகப் போனை எடுத்தோமோ அந்த வேலையை முடித்துவிட்டுக் கீழே வைப்பது எப்படி என்பதுதான் நான் படித்த காலத்தில் கற்றுக்கொண்ட பெரிய விஷயம்.

நேரம் எங்கே கரைகிறது என்று சில நாள் கவனித்துப் பார்த்தேன். கேம், சினிமா என்று போனதைவிட, சந்தேகம் தேடப் போய்ப் போன நேரம்தான் அதிகம். அதியமானுக்காக ஔவையார் யாரிடம் தூது போனார்? நம்ம தகடூர்க் (தருமபுரியின் பழைய பெயர்) கதை, தெரிந்ததுதான். இருந்தாலும் உறுதிப்படுத்திக்கொள்ளக் கை போனுக்குப் போகும். தொண்டைமான் என்று உடனே விடை வந்துவிடும். அதற்குள் மேலே ஒரு நோட்டிஃபிகேஷன், கீழே ஒரு ஷார்ட்ஸ். விரல் தானாகத் தள்ளிக்கொண்டே போகும். நிமிர்ந்து பார்த்தால் முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும். இதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். அடுத்து என்ன வரும் என்று தெரியாததுதான் ஆளை இழுக்கிறது. முடிவே இல்லாமல் ஓடும்படிதான் அதைச் செய்தே வைத்திருக்கிறார்கள்.

அதனால் நோட்டின் கடைசிப் பக்கத்தைச் சந்தேகத்துக்கு ஒதுக்குங்கள். படிக்கும்போது எந்தச் சந்தேகம் வந்தாலும் அங்கே ஒரு வரி எழுதிவிட்டு மேலே படியுங்கள். சாயங்காலம் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தேடுங்கள். பாதிக்கு மேல் அடுத்தடுத்த பாடங்களிலேயே விடை கிடைத்திருக்கும், தேடவே வேண்டியிருக்காது. ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

வகுப்பு வீடியோக்களை முதல் நாள் இரவே டவுன்லோட் செய்து வைத்துக்கொண்டு, காலையில் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். யூடியூபில் பார்த்தவற்றின் ஹிஸ்டரியை அழித்து நிறுத்தி வைத்தால் முகப்பில் வீடியோக்கள் வந்து குவியாது. தேடியதை மட்டும் பார்க்கலாம். டெலிகிராமில் இரண்டு குழுக்கள் போதும். பிடிஎஃப் சேர்ப்பது படிப்பு ஆகாது.

சமச்சீர் புத்தகங்களை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முந்தைய ஆண்டு வினாத்தாள்களை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துவிடுங்கள். தேர்வில் 200 கேள்விகள், 3 மணி நேரம். பொதுத்தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கும் திறனறிவும் 25. அந்த மூன்று மணி நேரமும் ஓஎம்ஆர் தாளும் பேனாவும்தான் கையில். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனைத் தொட்டுப் பழகியவருக்கு நூறாவது கேள்வியிலேயே மனம் அலைபாயும். எழுந்திருக்காமல் மூன்று மணி நேரம் உட்காருவதற்கே தனிப் பயிற்சி வேண்டும். மாவட்ட மைய நூலகத்துக்குப் போய், போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு ஒரு முழுத் தேர்வை எழுதிப் பாருங்கள். வித்தியாசம் அன்றே தெரியும்.

இரவில் போன் அம்மாவிடம் இருக்கட்டும். எங்கள் வீட்டில் "யாராவது அடிச்சா நானே எழுப்பறேன் கண்ணு, நீ தூங்கு" என்று அம்மா வாங்கி வைத்துக்கொள்வார். அலாரத்துக்கு ஒரு சின்னக் கடிகாரம் வாங்கிவிட்டால் போனைக் கேட்கச் சாக்கு இருக்காது.

தேர்வு முடிந்த பிறகுதான் பெரிய ஆபத்து. 'ரிசல்ட் எப்போது', 'கட் ஆஃப் எவ்வளவு' என்று நாள் முழுக்க வீடியோ பார்த்து மனம் நொந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டிஎன்பிஎஸ்சி இணையதளத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். மற்றதெல்லாம் வெறும் ஊகம்.

இவ்வளவு செய்தும் தூக்கம் கெடுகிறது, போன் இல்லாவிட்டால் கோபமும் பதற்றமும் வருகிறது என்றால் தனியாகப் போராட வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் 'ஷட்' என்ற சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. கிருஷ்ணகிரி, ஓசூர்க்காரர்கள் காலையில் பஸ் ஏறினால் அன்றைக்கே பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம்.