ஹாச்சிகோ சிலையடியில் ஆள் மாறிய கதை

டோக்கியோவில் ஒருவரை முதன்முதலாகச் சந்திக்கப் போகிறவர்கள் பயப்பட வேண்டியது எதிரே வரும் ஆளுக்கு அல்ல, ரயில் நிலையத்துக்குத்தான். அங்கே வேலை பார்க்கும் என் கல்லூரித் தோழியின் முடிவு இது. அவளும் அலுவலகத் தோழிகளும் பட்ட பாட்டை, நடந்த இடங்களுக்கே கூட்டிப்போய்ச் சொன்னாள். கோபுரங்களையும் கோயில்களையும் விட எனக்கு அந்தச் சுற்றுதான் பிடித்தது.

முதலில் ஷிபுயா. நிலைய வாசலில் ஹாச்சிகோ என்ற நாயின் வெண்கலச் சிலை இருக்கிறது. 1925-ல் இறந்த எஜமானருக்காக, 1935-ல் தான் சாகும்வரை இங்கே வந்து காத்துக்கிடந்த நாய். 1934-ல் வைத்த சிலையைப் போர்க்காலத்தில் உருக்கிவிட்டார்கள். இப்போதுள்ளது 1948-ல் வைத்தது. யாரைச் சந்திப்பதென்றாலும் ஊரே இந்தச் சிலையடியைத்தான் சொல்லும். வினையும் அங்கேதான்.

தோழி போன அன்று நல்ல மழை. தெரிந்தவர் ஒருவர் ஏற்பாடு செய்த சந்திப்பு, முகம் தெரியாது. "பிளாஸ்டிக் குடை பிடித்திருப்பேன், உள்ளே இருப்பது தெரியும்" என்று அவர் அடையாளம் சொல்லியிருக்கிறார். டோக்கியோ மழையில் பாதிப் பேர் கையில் அந்தக் குடைதான்! சிலையருகே முகக்கவசம் போட்ட ஒருவர் இவளைப் பார்த்துத் தலை குனிந்து வணங்க, இவளும் வணங்கினாள். இருவரும் பெயர் கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடும் என்று இருவருக்கும் தயக்கம். அந்தப் பெரிய நாற்சந்தியைக் கடந்து, காபிக் கடையில் அமர்ந்து, மழையைப் பற்றியே நெடுநேரம் பேசியிருக்கிறார்கள். கடைசியில் அவர், "உங்கள் பூனைக்கு உடம்பு தேவலையா?" என்று கேட்டார். தோழி பூனை வளர்ப்பதில்லை.

இருவரும் எழுந்து, மன்னிப்புக் கேட்டபடியே சிலைக்கு ஓடினார்கள். அங்கே பூனைக்காரப் பெண்ணும், இவள் சந்திக்க வேண்டிய ஆளும் ஒரே குடைக்குள் நின்று சுவாரசியமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். தோழி அவர்களைக் கலைக்காமல் திரும்பிவிட்டாள். எனக்கு அவளிடம் மிகவும் பிடித்த குணமே இதுதான்.

ஷின்ஜுகு கதை சின்னது. அந்த நிலையத்துக்கு இருநூறுக்கும் மேற்பட்ட வாசல்கள். தெற்கு வாசலில் ஒருவர், தென்கிழக்கு வாசலில் ஒருவர். "நீங்கள் அங்கேயே இருங்கள், நான் வருகிறேன்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்லி, ஒரே நேரத்தில் கிளம்பி, மாலை முழுவதும் தொலைபேசியிலேயே கழிந்ததாம்.

அடுத்து இனோகஷிரா பூங்கா. 1917-ல் திறந்தது. அங்குள்ள குளத்தில் சேர்ந்து படகில் போகும் காதலர்கள் பிரிந்துவிடுவார்கள் என்று ஊருக்குள் ஒரு நம்பிக்கை. குளக்கரையில் கோயில் கொண்டிருக்கும் பென்சைத்தென் தேவிக்குப் பொறாமையாம். பென்சைத்தென் வேறு யாருமல்ல, இங்கிருந்து புத்த மதத்தோடு அங்கே போன நம் சரஸ்வதிதான். வீணையோடு இருப்பவளுக்கு ஊரார் காதலில் என்ன பொறாமை? இந்தப் பழியை நான் ஏற்கவே மாட்டேன்.

அலுவலகத் தோழி ஒருத்தி இதை நம்பாமல் அன்னப்படகில் ஏறியிருக்கிறாள். உடன் வந்தவர் நல்ல உயரம். மிதிக்கும்போதெல்லாம் முழங்கால் முன்பலகையில் இடிக்க, அவர் காலை மடக்கிக்கொள்ள, இவள் பக்கம் மட்டும் மிதி விழுந்தது. படகு போய்க் கரையோரம் தாழ்ந்திருந்த கிளைக்குள் மாட்டிக்கொண்டது. அன்னத்தின் கழுத்து கிளைக்கு அந்தப் பக்கம், இவர்கள் இந்தப் பக்கம். ஊழியர் வேறு படகில் வந்து இழுத்துப் போனார். இதில் தேவி செய்த குற்றம் என்ன? படகில் கால் நீட்ட இடமில்லை, அவ்வளவுதான்.

கடைசிக் கதை நள்ளிரவு ரயிலைப் பற்றியது. அங்கே நள்ளிரவு தாண்டியதும் ரயில்கள் நின்றுவிடும், பிறகு விடியற்காலையில்தான். ஒரு சகாவும் அவளைச் சந்திக்க வந்தவரும் சாப்பாட்டு மேசையில் பேச்சற்றுப் போய்விட்டார்கள். ஆனால் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பவர் நானாக இருக்கக் கூடாது என்று இருவரும் பிடிவாதமாக உட்கார, கடைசி ரயில் போய்விட்டது. இரவு முழுக்கத் திறந்திருக்கும் ஓர் உணவகத்தில் தூக்கத்தோடு போராடி விடியும்வரை இருந்தார்கள். முதல் ரயிலுக்கு முன் ஆழமாக வணங்கி விடைபெற்றுக்கொண்டார்கள். இனி முகத்தில் விழிக்க வேண்டாமென்று அவள் நடைமேடையின் கடைசிவரை நடந்து ஒரு பெட்டியில் ஏறினாள். அதே எண்ணத்தில் அவரும் அதே பெட்டியில் ஏறியிருந்தார். அன்றைக்கு முதல் முறையாக இருவரும் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.