பெரிய வெள்ளிக்கு வாழ்த்துச் சொன்ன டெய்லர்

பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரத்துக்கு நடந்து போகிற தூரத்தில் என் தையல் கடை. 1826இல் ரேனியஸ் ஐயர் என்ற பாதிரியார் கட்டிய கிறிஸ்தவக் கோயில் அது. ஊசியை நம்பிப் பிழைக்கிறவனுக்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது என்று கடை திறந்த அன்றைக்கு வாப்பா சொன்னார்.

தீபாவளி, கிறிஸ்துமஸ், பெருநாள் மூன்றும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. மற்ற மாதங்களில் பள்ளிக்கூட யூனிஃபார்மும் ஆல்ட்டர் வேலையும். 2005இல் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்தில் வந்தன. நோன்பு வைத்துக்கொண்டே தீபாவளிச் சட்டைகளைத் தைத்தேன். அந்த மாதம் எந்தத் துணிக்கு எந்தப் பண்டிகை என்று அளவு நோட்டில் எழுதாமல் விட்டு நான் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும்.

இப்போது சொல்ல வந்தது வாழ்த்து விஷயம். ஆரம்ப காலத்தில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. துணி வாங்க வருகிறவர் எதற்காகத் தைக்கிறாரோ, அதற்கு வாழ்த்துச் சொல்லித்தான் அனுப்புவேன். ஒரு டீச்சர் வெள்ளைச் சேலைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தார். வியாழக்கிழமை ராத்திரி வாங்க வந்தார். ஹூக் வைத்து, இஸ்திரி போட்டு, பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, "பெரிய வெள்ளி வாழ்த்துகள் டீச்சர்" என்றேன், வாயெல்லாம் பல்லாக.

டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். "பாய், அன்னைக்குல்லா எங்க ஆண்டவரச் சிலுவையில அறஞ்சாங்க."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் கோபப்படவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து விவரமாகச் சொன்னார். மதியம் 12 மணி முதல் 3 மணி வரை கோயிலில் இருப்பார்களாம். சிலுவையில் தொங்கியபடி இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தியானிப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமை உயிர்த்தெழுந்த நாள், அதற்குத்தான் வாழ்த்தாம். "இந்த வாழ்த்த எடுத்து வச்சிருங்க பாய், ஈஸ்டருக்கு வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே திங்கட்கிழமை காலையில் கடை வாசலில் வந்து நின்று, "எங்க என் வாழ்த்து?" என்று கேட்டார்.

அதே தப்பு முஹர்ரம் வந்தால் என் பக்கம் திரும்புகிறது. காலண்டரில் சிவப்பு எழுத்தைப் பார்த்தவுடன் "ஹேப்பி மொகரம் பாய்" என்று ரோஜாப்பூப் படத்தோடு வாட்ஸ்அப்பில் வந்து விழும். அன்றைக்கு முஹர்ரம் பத்து, ஆஷுரா. கி.பி. 680இல் நபிகளாரின் பேரர் ஹுசைன் கர்பலாவில் கொல்லப்பட்ட நாள். ஷியாக்களுக்கு அது துக்க நாள். எங்களைப் போன்ற சுன்னிகள் அன்றைக்கு நோன்பு வைக்கிறோம். மூசா நபியும் அவருடைய மக்களும் எகிப்து மன்னன் ஃபிர்அவ்னிடமிருந்து தப்பியதற்கு நன்றியாக வைக்கிற நோன்பு அது. ஆகவே வாழ்த்தும் பொருந்தாது, இரங்கலும் பொருந்தாது. ஒருமுறை காலையில் ரோஜாப்பூ அனுப்பிய ஒரு வாடிக்கையாளர் எங்கேயோ படித்துவிட்டு, மத்தியானம் "மன்னிக்கணும் பாய், ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று அனுப்பினார். பசியோடு உட்கார்ந்து இரண்டையும் விளக்கினேன். கடைசியில் அவர், "நோன்பு தொறக்க என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். சாயங்காலம் இளநீர் வந்தது.

பக்கத்துப் பலசரக்குக் கடை அண்ணாச்சி கதை வேறு. தீபாவளிக்கு அவர் வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் தூக்குவாளியில் வரும். இரண்டாவது வருஷமோ மூன்றாவது வருஷமோ, கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, "இது சாமிக்குக் காட்டாதது பாய், பயப்படாமச் சாப்பிடுங்க" என்றார். நான் அப்படிக் கேட்டதே இல்லை. படைப்பதற்கு முன்னாலேயே எங்கள் பங்கை அவர் வீட்டம்மா எடுத்து வைத்துவிடுகிறார். பக்ரீதுக்கு நாங்கள் ஆட்டுக்கறியில் ஒரு பங்கு கொடுத்து அனுப்புவோம். 2025இல் பக்ரீத் சனிக்கிழமை வந்தது. அண்ணாச்சிக்குச் சனிக்கிழமை விரதம். எங்கள் வீட்டில் ஞாபகமாகக் கறியை ஃபிரீஸரில் வைத்து ஞாயிற்றுக்கிழமை கொடுத்தார்கள்.

இதில் வளைகுடாவில் இருந்து வந்த என் மருமகன் புகுந்தான். அக்கா மகன். "தீபாவளி வாழ்த்துன்னு சொல்லக்கூடாது மாமா. அவங்க வணக்கத்த ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்." 14ஆம் நூற்றாண்டு அறிஞர் இப்னுல் கய்யிம் கூடாது என்று எழுதியிருக்கிறார், அது உண்மைதான். எகிப்தில் மார்க்கத் தீர்ப்புச் சொல்கிற அமைப்பான தாருல் இஃப்தா கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லலாம் என்கிறது, அதுவும் உண்மை. இதைச் சொன்னால் அவன் அசைவதாக இல்லை.

"ஏலே, ரெண்டு மாசமா ராப்பகலாத் தீபாவளிக்குத் தைக்கேன். சட்டை குடுக்கலாம், வாழ்த்துக் குடுக்கக்கூடாதா?"

"சட்டைக்குக் கூலி வாங்குதீங்க. வாழ்த்துக்கு என்ன வாங்குதீங்க?"

பதில் வரவில்லை. ஓவர்லாக் மெஷினை மிதித்துச் சத்தத்தைக் கூட்டினேன். ஒரு சொல்லைச் சொன்னால் அது மனசறிந்து சொன்னதாக இருக்க வேண்டும் என்பது அவன் கவலை. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனசில்லை. ஆனால் நான் வாழ்த்துவது நரகாசுரனை நினைத்து அல்ல. அண்ணாச்சியின் பேத்தி நான் தைத்த பட்டுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு கடை வாசலில் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறாளே, அதைப் பார்த்துத்தான். பெருநாள் தொழுகை முடிந்து நான் வரும்போது, எடை போட்டுக்கொண்டிருப்பதை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்து கை கொடுக்கிறவர் அண்ணாச்சி. உங்களுக்கு ஒருவர் வாழ்த்துச் சொன்னால், அதைவிட அழகாக, குறைந்தது அந்த அளவுக்காவது, பதில் சொல்லுங்கள் என்று குர்ஆனில் நான்காவது அத்தியாயம் 86ஆவது வசனம் இருக்கிறது. மருமகனுக்கும் அது மனப்பாடம். அது சலாமுக்குச் சொன்னது என்பான்.

போன தீபாவளிக்கு அவன் கடையில் இருந்தான். தூக்குவாளியோடு அண்ணாச்சியே வந்தார். நான் கட்டிங் மேசையில் இருந்ததால் அவன்தான் எழுந்து வாங்க வேண்டியதாயிற்று.

"சாமிக்குக் காட்டாததுடே" என்றார் அண்ணாச்சி, வழக்கம்போல.

அவன் வாழ்த்துச் சொல்லவில்லை. மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "சின்னப் பிள்ளையில தின்ன அதே அதிரசமா அண்ணாச்சி?" என்று கேட்டான்.

"தின்னு பாத்துட்டுச் சொல்லுடே" என்று சொல்லிவிட்டு, அவர் அங்கேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.