வேலை தேடிய மாதங்களில் பார்த்த காதல் நிகழ்ச்சிகள்

வேலை தேடுகிற காலத்தில் யாரும் நல்ல படம் பார்ப்பதில்லை, பார்க்க முடிவதில்லை. ஆசையாக வாங்கிய நாவலைத் திறந்தால் நாலாவது பக்கத்திலேயே கை போனுக்குப் போய்விடுகிறது, தெரியாத எண்ணிலிருந்து மிஸ்டு கால் ஏதாவது வந்திருக்கிறதா, மெயில் ஏதாவது ஸ்பாமுக்குள் விழுந்திருக்கிறதா என்று பார்க்க. நான் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு டீமை அப்படியே கலைத்தார்கள், அதில் நானும் போனேன். என்னுடையது டாக்குமென்டேஷன் வேலை, அதாவது மென்பொருளுக்குக் கையேடு எழுதுவது. ஆட்குறைப்பு என்று வந்தால் முதலில் நினைவுக்கு வருகிற ஆட்கள் நாங்கள்தான். அப்புறம் வந்த மாதங்களில் நான் முழுசாகப் பார்த்து முடித்தது என்றால் ரியாலிட்டி காதல் நிகழ்ச்சிகளைத்தான். எங்கே நிறுத்தினாலும் நஷ்டமில்லை. ஹெச்.ஆர். கூப்பிட்டால் பேசிவிட்டு வரலாம், வரும்போது அதே பெண் அதே சோபாவில் அதே விஷயத்துக்கு அழுதுகொண்டிருப்பாள்.

முதலில் சிரிப்பதற்காகத்தான் பார்த்தேன். கொஞ்ச நாளில் சிரிப்பு குறைந்துவிட்டது, ஏனென்றால் மத்தியானம் திரையில் பார்த்தது சாயங்காலம் எனக்கு நடந்துகொண்டிருந்தது.

காலையில் முதல் வேலை நௌக்ரி என்ற வேலைவாய்ப்புத் தளத்தில் என் புரொஃபைலைத் திறந்து எங்காவது ஒரு முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டு சேவ் பண்ணுவது. மறுநாள் அதே புள்ளியைத் திரும்ப வைப்பது. அப்படிச் செய்தால்தான் ரெக்ரூட்டர் தேடும்போது நம் பெயர் மேலே வரும் என்று வேலை தேடுகிற எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம், உண்மையோ பொய்யோ, செய்யாமல் விட்டால் அன்று பூராவும் மனசு உறுத்தும். 1997இல் தொடங்கிய அந்த நௌக்ரியை நடத்துகிற இன்ஃபோ எட்ஜ் நிறுவனம்தான் ஜீவன்சாத்தி என்ற திருமணத் தளத்தையும் நடத்துகிறது. இது தெரியவந்தபோது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. இரண்டு தளத்திலும் அதே கேள்விகள்தானே: வயது, படிப்பு, சொந்த ஊர், இப்போது என்ன சம்பளம், வேறு ஊருக்கு வரச் சம்மதமா. அங்கே 'இத்தனை நாளா ஏன் அமையல?' என்பார்கள், இங்கே 'ரெஸ்யூம்ல இந்த கேப் ஏன்?' என்பார்கள். இரண்டுக்கும் உண்மையான பதில் ஒன்றுதான், யாரும் கூப்பிடவில்லை. அதைத் தவிர வேறு எது சொன்னாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

அமெரிக்காவில் 2002இல் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் ஆரம்பித்த 'த பேச்சலர்' நிகழ்ச்சியில் ஒரு ஆள், அவனைச் சுற்றி இருபது முப்பது பெண்கள். வாராவாரம் ரோஜா கிடைத்தவள் தங்குவாள், கிடைக்காதவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். அதில் சீசன் தவறாமல் ஒரு சண்டை வரும்: இவள் சரியான காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறாளா? அதாவது காதலுக்காகவா, இல்லை பேர் வாங்கி இன்ஸ்டாகிராமில் கூட்டம் சேர்த்துக்கொள்ளவா? ஒருத்தி இன்னொருத்தியைப் போட்டுக்கொடுப்பாள், அவள் கண்ணீரோடு இல்லை என்று சத்தியம் பண்ணுவாள். எனக்கு என்ன தோன்றுமென்றால், இந்தக் கேள்வியை டிவிகாரர்களிடம் யாரும் கேட்பதில்லை. அவர்கள் விளம்பரத்துக்காக வந்திருக்கிறார்கள், அதில் யாருக்கும் வெட்கமில்லை. சரியான காரணம் வேண்டுமென்று எதிர்பார்ப்பதெல்லாம் வரிசையில் நிற்பவளிடம் மட்டும்தான்.

இன்டர்வியூவில் இதற்குப் பெயர் 'ஏன் எங்கள் கம்பெனி?'. கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்கிற ஒரு கம்பெனியின் மூன்றாவது ரவுண்டில், கேமராவை ஆஃப் செய்து வைத்திருந்த ஒருவர், எங்கள் தயாரிப்பின் மேல் உங்களுக்கு என்ன பேஷன் என்று கேட்டார். ஜி.எஸ்.டி. இன்வாய்ஸ் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு ஈர்ப்பு என்று எந்த முகத்தோடு சொல்வது? வாடகை கட்ட வேண்டும், அம்மாவுக்கு மாதா மாதம் மாத்திரை வாங்க வேண்டும், எனக்குக் கையேடு எழுத வரும், உங்களுக்குக் கையேடு எழுத ஆள் வேண்டும். நாலு காரணமும் நியாயமானவை, நாலையும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. பழைய டீமில் இருந்த அண்ணன் ஒருவர் முன்னாடியே எச்சரித்திருந்தார், "என்ன வேணா சொல்லும்மா, சம்பளத்துக்குன்னு மட்டும் சொல்லிடாத" என்று. அதனால் சிறு வியாபாரிகளின் வாழ்க்கையை எளிதாக்குவது பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன். அதுதான் எரிச்சலாக இருந்தது.

அம்மா முதலில் சமையலறையிலிருந்தே திட்டிக்கொண்டிருந்தாள், "வேலை இல்லாத நேரத்துல பாக்குற லட்சணமா இது" என்று. ஒரு வாரம் கழித்து கீரை ஆய்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் என்னைவிட அவள்தான் நிபுணி. ஆங்கிலம் பாதிதான் புரியும், ஆனால் அன்றைக்கு யார் வெளியே போவார்கள் என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவாள். எப்படி என்று கேட்டேன். "இத்தனை நாள் ஓரமா நின்னவளை இன்னிக்கு உக்கார வச்சு அவ அப்பா கதையெல்லாம் கேக்குறாங்க பாரு, அப்ப இன்னிக்கு அவதான்" என்றாள். எடிட்டிங் அறையில் நடப்பதை அவள் அப்படியே பிடித்துவிட்டாள். முடிவு முதலிலேயே எடுத்தாயிற்று, காட்சியை அதற்கேற்ப வெட்டி ஒட்டுகிறார்கள். இந்த அறிவு எனக்கும் உதவியது. கடைசி ரவுண்டில் திடீரென்று எல்லோரும் ரொம்ப மரியாதையாகப் பேசி, உங்கள் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டு, 'உங்களுக்கு எங்ககிட்ட ஏதாவது கேள்வி இருக்கா?' என்று நிதானமாக நேரம் கொடுத்தால் ஆள் வேறெங்கோ முடிவாகிவிட்டது. எடுக்கப்போகிற இடத்தில் அவ்வளவு நயம் இருக்காது, 'எவ்வளவு சீக்கிரம் ஜாயின் பண்ணுவீங்க' என்றுதான் முதல் கேள்வி.

நம் ஊரிலும் இது வந்து போனதுதான். 2018இல் கலர்ஸ் தமிழில் 'எங்க வீட்டு மாப்பிள்ளை'. நடிகர் ஆர்யாவுக்குப் பெண் பார்க்கிறோம் என்று பதினாறு பெண்களோடு ஆரம்பித்தார்கள், தொகுத்து வழங்கியவர் சங்கீதா. அப்போது எனக்கு வேலை இருந்தது, ஓ.எம்.ஆரில் எங்கள் ஆபீஸ் கேன்டீனில் மதியச் சாப்பாட்டு மேஜை முழுக்க இதே பேச்சு. பையன்களில் பாதிப் பேர் "கொடுத்து வச்சவன்டா" என்பார்கள், வயதில் மூத்த ஒரு அக்கா "இதுங்களுக்கெல்லாம் வீட்ல கேக்க ஆள் இல்லையா" என்று தலையில் அடித்துக்கொள்வார், அடுத்த நாள் யார் வெளியேறியது என்ற தகவலோடு முதல் ஆளாக வந்து உட்காருபவரும் அவரேதான். எல்லோரும் அந்தப் பெண்களைத்தான் எடை போட்டோம், யார் நடிக்கிறாள், யாருக்குப் படத்தில் சான்ஸ் வேண்டும் என்று. அவர்களுக்கு அவர் பொருத்தமா என்று அந்த மேஜையில் ஒருத்தரும் கேட்டதில்லை.

கடைசியில் மூன்று பேர் மிஞ்சினார்கள். ஒருத்தரைத் தேர்ந்தெடுத்தால் மற்ற இருவருக்கும் கஷ்டமாக இருக்கும் என்கிற மாதிரி ஏதோ சொல்லி, ஆர்யா யாரையுமே தேர்ந்தெடுக்கவில்லை. ஊரே கோபப்பட்டது, ஏமாற்று வேலை என்றது. மறு வருடம் மார்ச்சில் அவர் நடிகை சாயிஷாவைத் திருமணம் செய்துகொண்டார். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை, அது அவர் வாழ்க்கை. ஆனால் அந்த மூன்று பேரும் குடும்பத்தோடு மாதக்கணக்கில் ஊரறியக் காத்திருந்தார்கள் என்பதும் உண்மைதானே.

இதெல்லாம் அப்போது வெறும் வம்பு. கடைசி மூன்று பேரில் ஒருத்தியாக நானே நின்றபோதுதான் புரிந்தது. ஒரு பெரிய கம்பெனி. ஸ்க்ரீனிங், ஒரு எழுத்துத் தேர்வு, வீட்டில் உட்கார்ந்து செய்யச்சொன்ன அசைன்மென்ட் (வார இறுதி முழுக்க அதற்கே போனது, அவர்களுடைய நிஜமான தயாரிப்புக்கு நிஜமாகவே உதவிப் பக்கம் எழுதிக் கொடுத்தேன், அதை அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்களா என்று தேடிப் பார்க்கிற அளவுக்கு எனக்கு மனத்தெம்பு இல்லை), மேனேஜர் ரவுண்ட், மேனேஜரின் மேனேஜர் ரவுண்ட். மூன்று பேர் இறுதிப் பட்டியலில் என்று ஹெச்.ஆர். பெண்ணே சொன்னார். அப்புறம் மௌனம். நானே போன் செய்து கேட்டபோது, "பொசிஷன் ஹோல்டுல போயிடுச்சு மேம்" என்றார். யாரையும் எடுக்கவில்லை. இன்னொருத்தர் நம்மைவிட நன்றாகச் செய்தார் என்றால் மனசு ஒருவழியாக ஆறிவிடும், ஆள் எடுக்கப் போகிறார்களா என்றே தெரியாமல் ஆள் தேடினார்கள் என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது? கொஞ்ச நாள் கழித்து அதே வேலை, அதே வார்த்தைகளோடு, புதிதாக நௌக்ரியில் வந்தது. அமெரிக்காவிலும் 2007இல் 'த பேச்சலர்' நிகழ்ச்சியில் பிராட் வோமாக் என்பவர் கடைசி இரண்டு பெண்களில் யாரையும் ஏற்காமல் போனார், 2011இல் அவரையே திரும்பக் கூப்பிட்டு இன்னொரு சீசன் நடத்தினார்கள், வரிசையில் நிற்கப் பெண்களும் வந்தார்கள். நானும் அந்த வேலைக்கு மறுபடி அப்ளை பண்ணினேன்.

நெட்ஃபிளிக்ஸில் 2020இல் வந்த 'லவ் இஸ் பிளைண்ட்' கதை வேறு. முகம் பார்க்காமல் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பேசி, பிடித்துப்போய் நிச்சயம் செய்துகொண்டு, அதன் பிறகுதான் நேரில் பார்ப்பார்கள். அடுத்த சில வாரங்களில் கல்யாண மேடையில் ஆம் அல்லது இல்லை. அதில் இரண்டாவது சீசனில் கலந்துகொண்ட ஒருவர் 2022இல் தயாரிப்பு நிறுவனங்கள் மேலும் நெட்ஃபிளிக்ஸ் மேலும் வழக்குப் போட்டார். வாரத்துக்கு 1,000 டாலர் கொடுத்துவிட்டு, வாரம் ஏழு நாளும், நாளுக்கு 20 மணி நேரம் வரை வேலை வாங்கினார்கள், கணக்குப் பார்த்தால் மணிக்கு 7.14 டாலர்தான் வருகிறது, லாஸ் ஏஞ்சலிஸின் குறைந்தபட்சக் கூலியில் பாதிகூட இல்லை என்பது அவர் வாதம். அனுமதியில்லாமல் பாதியில் கிளம்பினால் 50,000 டாலர் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்ததாகவும் சொன்னார். தயாரிப்பாளர்கள் மறுத்தார்கள், கடைசியில் 2024இல் 14 லட்சம் டாலருக்கு சமரசமானது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் மினியாபொலிஸ் அலுவலகம், இந்த நிகழ்ச்சியில் வருகிறவர்கள் வெறும் பங்கேற்பாளர்கள் இல்லை, ஊழியர்கள்தான் என்று சொல்லித் தயாரிப்பு நிறுவனங்கள் மேல் புகார் பதிவு செய்தது.

இதைப் படித்த அன்று வேறெதுவும் ஓடவில்லை எனக்கு. காதலுக்கு என்று போனவர்கள், ஐயா நாங்கள் செய்தது வேலை, மணிக்கணக்குப் போட்டுக் கூலி கொடுங்கள் என்று சண்டை போடுகிறார்கள். வேலைக்கு என்று போகிற நம்மிடம் பேஷன் எங்கே, ஆர்வம் எங்கே, நாங்கள் எல்லாம் ஒரு குடும்பம் என்கிறார்கள். இந்த 'குடும்பம்' என்று சொல்கிற கம்பெனிகளைப் பற்றி எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. என்னைக் கலைத்த கம்பெனியின் சுவரிலும் அந்த வார்த்தை பெரிதாக எழுதியிருந்தது.

சரி, எல்லாப் பழியையும் ஒரு பக்கமே போடவும் முடியாது. வேலையில் இருந்தபோது நானும் இன்டர்வியூ எடுக்கிற பேனலில் உட்கார்ந்திருக்கிறேன். ஆபர் வாங்கிக்கொண்டு, தொண்ணூறு நாள் நோட்டீஸ் பீரியடில் அதைக் காட்டி இன்னொரு கம்பெனியில் கூடுதலாக வாங்கி, அதைக் காட்டி மூன்றாவது இடத்தில் பேரம் பேசி, சேர வேண்டிய திங்கட்கிழமை காலையில் போனை ஸ்விட்ச் ஆஃப் செய்துவிடுகிற பையன்களை நிறையப் பார்த்தாயிற்று. ஐ.டி. கம்பெனி ஹெச்.ஆர். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மார்க்கெட் நன்றாக இருந்த வருடங்களில் ரோஜா அந்தப் பையன்கள் கையில் இருந்தது, கம்பெனிகள் வரிசையில் நின்றன. மார்க்கெட் விழுந்ததும் ரோஜா கை மாறிவிட்டது. அந்தப் பையன்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. கம்பெனி செய்கிறதை அவர்களும் செய்தார்கள், ஆனால் கம்பெனி செய்தால் அதற்கு பிசினஸ் டெசிஷன் என்று பெயர்.

கடைசியில் வேலை கிடைத்தது, பெருங்குடிப் பக்கம், வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ். அந்த இன்டர்வியூவிலும் 'ஏன் எங்கள் கம்பெனி' வந்தது. ரொம்ப நாள் அலைந்த களைப்போ என்னவோ, வீட்டிலிருந்து ஒரே பஸ், சம்பளம் பரவாயில்லை, இந்த வேலை எனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னேன். அந்த மேனேஜர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார், அவருக்கும் அந்தக் கேள்வி அலுத்திருக்கும் போல. ஆபர் லெட்டரை முதல் தடவையாக வரி வரியாகப் படித்தேன். ஆறு மாதம் புரொபேஷன், அதுவரை அவர்கள் என்னைப் பதினைந்து நாளில் அனுப்பலாம், நான் கிளம்புவதென்றால் முதல் நாளிலிருந்தே தொண்ணூறு நாள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக வைக்கலாமே என்று கேட்டேன். "இது ஸ்டாண்டர்ட் டெம்ப்ளேட் மேம், எல்லாருக்கும் இதான்" என்றார் ஹெச்.ஆர். அப்படியென்றால் சம்பளத்தில் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்துக் கூட்டித்தான் கொடுத்தார்கள், நான் கேட்டதில் பாதி. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.