செப்ஸ்டோவிலிருந்து டின்டர்னுக்கு: கரிக்காட்டு வழியே ஒரு நடை

வேல்ஸில் இடிந்து நிற்கும் பழைய துறவி மடமான டின்டர்ன் மடத்தின் பக்கத்திலேயே பஸ் நிற்கும், கார் நிறுத்தவும் இடம் உண்டு. பெரும்பாலோர் அப்படி வந்து, சற்று நேரம் சுற்றிப் பார்த்து, படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், செப்ஸ்டோவிலிருந்து காட்டு வழியாக நடந்துதான் வரவேண்டும் என்பேன். காட்டைப் பார்க்காமல் மடத்தை மட்டும் பார்த்தவருக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும்.

செப்ஸ்டோ வேல்ஸின் எல்லை ஊர். பாறை விளிம்பில் 1067-இல் கட்டத் தொடங்கிய கோட்டை. அதன் கீழே 1816-இல் போட்ட வார்ப்பிரும்புப் பாலம். வை ஆறுதான் எல்லை என்பதால் பாலத்தின் நடுவிலேயே வேல்ஸ் முடிந்து இங்கிலாந்து தொடங்கிவிடுகிறது. நான் கடந்தபோது நீர் இறங்கி, இரு கரையிலும் ஆள் உயரத்துக்கு மேல் சேறு பளபளத்தது. ஆறு சற்றுத் தள்ளி செவர்ன் கழிமுகத்தில் கலக்கிறது. அங்கே ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், 14 மீட்டர் வரை போகும். உலகின் மிக உயர்ந்த ஓதங்களில் அதுவும் ஒன்று. அந்த ஏற்றம் டின்டர்னையும் தாண்டி உள்ளே போகிறது. சாலை வருவதற்கு முன்பு சரக்குப் படகுகள் ஓதத்தோடு ஏறி ஓதத்தோடு இறங்கின.

பாலம் தாண்டி மேடேறினால் ஓஃபா கரைப் பாதை. எட்டாம் நூற்றாண்டில் மெர்சியா என்ற பழைய ஆங்கிலேய அரசை ஆண்ட ஓஃபா மன்னன் பெயரால் வழங்கும் மண் கரை இது. அதை ஒட்டிய நடைபாதை வேல்ஸின் வடக்குக் கடற்கரை வரை 285 கிலோமீட்டர் ஓடுகிறது. வீடுகளும் வயல்களும் முடிந்ததும் காடு தொடங்குகிறது. மே மாதத் தொடக்கம். பீச் மரங்களில் இலை அப்போதுதான் விரிந்திருந்தது. வெயில் அதன் வழியாகப் பச்சையாகவே இறங்கியது. தரையெல்லாம் புளூபெல் பூக்களின் நீலம். சரிவில் இறங்கினால் காட்டுப்பூண்டு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. அதன் வாசம் நெடுந்தூரம் கூடவே வந்தது. சுண்ணாம்புப் பாறையை வேரால் கவ்விக்கொண்டு யூ மரங்கள் நிற்கின்றன.

இதைக் கைபடாத காடு என்று நினைக்கத் தோன்றும். மரங்களின் அடியைப் பார்த்தால் உண்மை தெரியும். ஒரே தூரிலிருந்து நான்கைந்து தண்டுகள் எழுந்து நிற்கும் மரங்கள் பல. தரையோடு வெட்டி, தழையவிட்டு, சில ஆண்டுகள் கழித்து மறுபடி வெட்டிய மரங்கள் அவை. சரிவில் ஆங்காங்கே வட்டமான சமதளங்கள் தென்படுகின்றன. கரிமூட்டம் போட்ட இடங்கள். 1560-களில் டின்டர்னில் கம்பித் தொழிற்சாலை தொடங்கியது. கம்பளி சிக்கெடுக்கும் சீப்புகளுக்கு வேண்டிய இரும்புக் கம்பி அங்கே இழுக்கப்பட்டது. பள்ளத்தாக்கின் ஓடைகள் சக்கரங்களைச் சுழற்றின. உலைகள் இந்தக் காட்டின் கரியைத் தின்றன. இன்று பறவைக் குரல் மட்டும் கேட்கும் இந்தச் சரிவில் அன்று கோடரிச் சத்தமும் புகையுமாக இருந்திருக்கும். அதை மனத்தில் வைத்து நடந்தபோது காட்டின் மேல் எனக்கு மதிப்பு கூடியது. அத்தனை வெட்டையும் தாங்கித் தழைத்திருக்கிறது.

செங்குத்துப் பாறை விளிம்பில் தூண்போல் ஒரு சுண்ணாம்புக்கல் துருத்தி நிற்கிறது. சாத்தானின் பிரசங்க மேடை என்று அதற்குப் பெயர். கீழே இருந்த துறவிகளை மடத்தைவிட்டு ஓடிவரச் சொல்லி சாத்தான் இங்கே நின்று போதித்தானாம். மரங்களின் இடைவெளியில் மடம் முழுவதும் தெரிகிறது: ஆற்றின் வளைவு, புல்வெளி, கூரையில்லாத நெடுஞ்சுவர்கள்.

அங்கிருந்து இறக்கம். கம்பித் தொழிற்சாலைக்காகப் போட்ட பழைய ரயில் பாலம் இப்போது நடப்பவர்களுக்கானது. அதில் ஆற்றைக் கடந்து மறுபடி வேல்ஸுக்குள் வந்தேன்.

1131-இல் செப்ஸ்டோ பிரபு வால்டர் டி கிளேர், சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவிக் கூட்டத்தாருக்காக நிறுவிய மடம் இது. ஊரைவிட்டு விலகி வாழ்வது அவர்கள் நெறி. சாயமிடாத கம்பளி அங்கிதான் உடை. அடுப்படியும் நோயாளிகள் பகுதியும் நீங்கலாக ஒரே ஓர் அறையில்தான் குளிர்காய நெருப்பு. இன்று நிற்கும் தேவாலயத்தை 1269 முதல் எழுப்பியவர்களுக்குப் பொருள் தந்தவர் செப்ஸ்டோவின் பிற்காலப் பிரபு ரோஜர் பைகாட். செப்ஸ்டோ கோட்டையை விரிவாக்கியவரும் அவரே. நீளம் 72 மீட்டர். மேற்குச் சாளரத்தின் கல் பின்னல் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. கண்ணாடி இருந்த இடத்தில் எதிர்மலைக் காடு தெரிகிறது.

இந்தச் சிதைவு காலம் செய்ததன்று. 1536-இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் மடத்தைக் கலைத்தார்கள். கூரையின் ஈயத்தை உரித்து விற்றார்கள். கூரை போனபின் மழை உள்ளே வந்தது. 1770-இல் படகில் வந்த பயண நூலாசிரியர் வில்லியம் கில்பின், சுவர்முகடுகள் ஒழுங்காக இருப்பது கண்ணை உறுத்துகிறது, சுத்தியல் கொண்டு சற்று உடைத்தால் அழகு கூடும் என்று எழுதினார். அதே கில்பின், இடிபாடுகளுக்குள் குடிசை போட்டு வாழ்ந்த ஏழைகளையும் பதிவு செய்தார். அதற்காக அவரை மன்னிக்கலாம். ஓவியர்கள் ரசித்துத் தீட்டிய ஐவிக் கொடிகளை, 1901-இல் மடம் அரசின் கைக்கு வந்தபின் களைந்தார்கள். சுவர்கள் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். இன்றும் மழை குடித்த மணற்கல்லைச் செப்பனிடும் பணி ஓய்வதில்லை.

நடக்க விரும்புவோருக்கு: நல்ல பிடிப்புள்ள காலணி வேண்டும், மழைக்குப்பின் சுண்ணாம்புப் பாறை வழுக்கும். சாப்பாடு கையில் இருக்கட்டும், காட்டுக்குள் கடை கிடையாது. டின்டர்னிலிருந்து செப்ஸ்டோவுக்குத் திரும்பப் பஸ் இருக்கிறது. எண்ணிக்கை குறைவு என்பதால் கடைசி பஸ்ஸின் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.