சுவர்ச் சாயம் உரியாமல் கேபிள் இழுக்க

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகை வீட்டில் குடியிருப்போர், முன்பணம் குறையாமல் திரும்ப வேண்டுமானால், சுவரில் ஆணி அடிக்கவும் கூடாது, சாயம் உரியவும் விடக்கூடாது. எங்கள் வீட்டில் ரவுட்டர் வாசற்கதவருகே இருக்க, படிப்பறை மறுகோடியில் இருப்பதால், கேட்6 என்னும் இணையக் கேபிளைச் சுவரின் அடிவிளிம்பை ஒட்டியே கொண்டு சென்றேன். பாதித் தூரத்தைச் சோபாவும் அலமாரியும் மறைத்துவிட்டன.

கேபிளைத் தாங்கும் பட்டைகளைச் சுவரில் ஒட்டுவதற்கு முன் செய்யும் வேலைதான் முக்கியமானது. சுவரில் படிந்திருக்கும் மெல்லிய பிசுக்கை, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்துக் காயவிட வேண்டும். முதலில் கண்ணில் படாத மூலையில் சோதித்துக்கொள்வது நல்லது. புதிதாகச் சாயம் பூசிய சுவரெனில் குறைந்தது 7 நாள் பொறுக்க வேண்டும். தேய்த்தால் விரலில் மாவாக ஒட்டிக்கொள்ளும் சுவரில் எந்தப் பட்டையும் நிற்காது.

கமாண்ட் வகை ஒட்டுப்பட்டையை (நுனியை இழுத்தால் நீண்டு கழன்றுவிடும் பட்டை) 30 விநாடி அழுத்திப் பிடித்து, ஒரு மணி நேரம் கழித்தே கேபிளை மாட்டவேண்டும். மூலைகளில் கேபிளை மடக்காமல், அதன் விட்டத்தைப்போல் நான்கு மடங்கு ஆரத்தில் வளைத்தால், உள்ளே முறுக்கியிருக்கும் செம்புக் கம்பி இணைகள் குலையாது. கேபிள் விறைத்து நின்று பட்டையைப் பிடுங்கவும் செய்யாது.

கழற்றும்போது பட்டையை நம் பக்கமாக இழுத்தால் சாயமும் கூடவே வந்துவிடும் என்பதால், அதன் நுனியைச் சுவரை ஒட்டியே கீழ்நோக்கி மெதுவாக நீட்டவேண்டும். இருபுறமும் ஒட்டும் நுரைப்பட்டையாயின் ஹேர் டிரையரால் பசையை இளக்கியபின், பல்லிடுக்கு நூலால் அறுத்தெடுக்கலாம்.