அம்மாவின் ஹோண்டா: சைகோன் நாட்குறிப்பு

9 ஜூன் 2025, திங்கள்

வியட்நாமின் சைகோனில், பார்வையில்லாத ஒரு பெண்ணுக்குக் கோலோடு தனியே நடக்கச் சொல்லிக் கொடுக்கிறேன். அவள் கூப்பிடும்போதெல்லாம் திட்டு வாங்குவது போலவே இருக்கிறது. அக்காவுக்கு இங்கே ‘ச்சி’. நான் அவளை ‘எம்’ என்கிறேன். தம்பிக்கும் தங்கைக்கும் அந்த ஒரே சொல்தான். முறை சொல்லிக் கூப்பிடும் ஊர் என்பதால், பாஷை வராவிட்டாலும் ரொம்ப அந்நியமாக இல்லை.

இன்று சந்து முனை வரை நடந்தோம். வலது கால் முன்னே போனால் கோலின் நுனி இடப்பக்கம் தட்ட வேண்டும். பத்து அடி அழகாக வந்தது. பதினோராவது அடியில் நடைபாதையை அடைத்து ஒரு பைக். அதைச் சுற்றி வந்தால் பிளாஸ்டிக் முக்காலிகள், அதில் நூடுல்ஸ் சாப்பிடுகிறவர்கள். கோல் யாரோ ஒருவரின் கிண்ணத்தில் பட்டது. அவர் சிரித்தார். இவள் சிரிக்கவில்லை.

11 ஜூன்

நாலு மணிக்கே மழை. மழையில் காது உதவாது. திரும்பிவிட்டோம்.

12 ஜூன்

நோட்டுகள். இருபதாயிரமும் ஐந்து லட்சமும் நீலம்தான். கண்ணுள்ளவர்களே மாற்றிக் கொடுத்துவிட்டுப் புலம்புகிறார்கள். நானும் ஒருமுறை புலம்பியிருக்கிறேன். பிளாஸ்டிக் நோட்டு வேறு, தடவினால் எல்லாம் ஒரே வழுவழுப்பு. நீளத்தில்தான் வித்தியாசம். 20,000 டாங் நோட்டு 136 மி.மீ., அப்புறம் ஒவ்வொன்றும் நாலு நாலு மி.மீ. கூடி 500,000-க்கு 152. நாலு மி.மீ.யை வைத்து விரல் என்ன செய்யும்?

ராத்திரி உட்கார்ந்து ஓர் அளவு அட்டை வெட்டியிருந்தேன். அவள் அதை மரியாதையாக வாங்கி ஓரம் வைத்துவிட்டுத் தன் பையைத் திறந்து காட்டினாள். ஐந்து லட்சம் நாலாக மடித்து உள்ளறையில். இருபதாயிரம் மடிக்காமல் வெளியே. “ச்சி, நான் வேலைக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது.”

அட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

16 ஜூன்

படிவத்தில் ‘பயிற்சியின் நோக்கம்’ என்று ஒரு கட்டம். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். “ஞாயிற்றுக்கிழமை” என்றாள்.

இங்கே பார்வை இல்லையென்றால் மசாஜ் வேலை. படித்தவர்களிலும் பலருக்கு அதுதான். அவளுக்கு அந்த வேலையில் குறையில்லை. கை நல்ல கை என்று பெயர் எடுத்திருக்கிறாள், சம்பளமும் வருகிறது. பிரெய்ல் தெரியும். போனை நான் தொடுவதைவிட இரண்டு மடங்கு வேகமாகத் தொடுவாள். அது அவளுக்குப் படித்துச் சொல்லும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. ஆனால் காலையில் அம்மாவின் ஹோண்டா கொண்டு விடும், ராத்திரி அம்மாவின் ஹோண்டா கூட்டி வரும். ஆறு வருஷமாக இந்த ஊர்க்காரர்களின் முதுகுகளை எல்லாம் தெரியும், ஆனால் எங்கேயும் உட்கார்ந்து ஓர் ஐஸ் காபி குடித்ததில்லை. கூட வேலை செய்யும் பெண்கள் ஞாயிறானால் மெட்ரோ ஏறிச் சுற்றிவிட்டு வந்து திங்கள் முழுக்க அதையே பேசுகிறார்களாம்.

‘தனித்து இயங்கும் திறன்’ என்று எழுதினேன். பொய்யில்லை. ஆனால் அவள் கேட்டது அது இல்லை.

19 ஜூன்

பாதி வழியில் நின்று, “ச்சி, பின்னால் அம்மா” என்றாள். திரும்பிப் பார்த்தேன். ஐம்பது அடி தள்ளி, ஹெல்மெட்டும் முகமூடியுமாக, ஆமை வேகத்தில் ஹோண்டா. அந்தச் சத்தத்தை ஆயிரம் வண்டிகளுக்கு நடுவிலும் தெரியுமாம்.

அம்மாவிடம் போய்ப் பேசினேன். நிதானமாகத்தான் சொன்னார்: “இவளுக்கு ஏதாவது ஆனால் நீங்கள் உங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள்.”

பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

20 ஜூன்

இன்றும் ஹோண்டா.

24 ஜூன்

என் தப்பு. முழுக்க என் தப்பு.

இந்த ஊரில் சாலையைக் கடக்க ஒரே வழி, இறங்கிவிட்டால் நிற்காமல் ஒரே சீராக நடப்பது. பைக்குகள் ஆறு மாதிரி இரண்டு பக்கமும் பிரிந்து போகும். தயங்கினால்தான் ஆபத்து, ஏனென்றால் நீ அடுத்து எங்கே இருப்பாய் என்று அவர்களுக்குத் தெரியாமல் போகிறது. யோசித்தால் பார்வையில்லாதவர்களுக்கு இது தோதான முறைதான். அவளுக்கு நானே சொல்லிக் கொடுத்தேன்: கோல் முன்னே, நடை சீராக, நிற்காதே. அவள் அப்படியேதான் போனாள். நடுச்சாலையில் இடப்பக்கம் ஓர் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், சத்தமே இல்லாமல். அவளுக்கு அது கேட்கவில்லை, எனக்குத் தெரிந்தது. கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அவள் நின்றாள், பின்னால் மூன்று வண்டி கிறீச்சிட்டு நின்றன. ஸ்கூட்டர்காரர் ஏற்கெனவே விலகியிருந்தார். நான் இழுக்காமல் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

வேறு யார் இழுத்திருந்தாலும் நான் அரை மணி நேரம் பாடம் நடத்தியிருப்பேன். பதினொரு வருஷமாக இந்த வேலை செய்கிறேன். கை அதுவாகப் போகிறது.

25 ஜூன்

பேசவில்லை.

26 ஜூன்

பேசினாள். “உங்கள் கை என் அம்மா கை மாதிரியே இருந்தது.” வேறொன்றும் சொல்லவில்லை.

29 ஜூன், ஞாயிறு

பென் தான் நிலையம். மெட்ரோ ஓடத் தொடங்கியது போன டிசம்பர் 22-ஆம் தேதிதான். பதினான்கு நிலையங்களையும் வரிசை மாறாமல் சொல்கிறாள். காலுக்கு வழி சொல்லும் மஞ்சள் ஓடுகள் மேலே நடைபாதையிலும் உண்டு, நேராகப் போய் மின்கம்பத்தில் முட்டும். கீழே அவற்றின் மேல் யாரும் பைக் நிறுத்த முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே அவளுக்கு மெட்ரோ பிடித்துவிட்டது.

ஹோண்டாவால் சுரங்கத்துக்குள் வர முடியாது. அதையும் சொல்லிச் சிரித்தாள்.

1 ஜூலை

இன்று முதல் நகரத்தில் மாவட்டங்களே கிடையாது. மாவட்டம் 10, மாவட்டம் 3 என்று மனப்பாடம் செய்த முகவரியெல்லாம் வீண். “பரவாயில்லை, இன்று நீங்களும் நானும் ஒன்றுதான்” என்றாள்.

இந்த நாட்டுக் கவிஞர் நுயென் டின் சியூ பிறந்ததும் 1822-இல் இதே நாளில். அம்மா இறந்த துக்கத்தில் அழுது அழுது பார்வை போயிற்று என்பார்கள். அதற்கப்புறம்தான் பாடம் நடத்தினார், வைத்தியம் பார்த்தார், கவிதை சொன்னார். அவள் படித்த பள்ளிக்கு அவர் பெயர். ஒரு பெரிய சாலைக்கும் அவர் பெயர். அந்தச் சாலையின் நடைபாதையில் கோலோடு நடந்து பார்த்தோம். அவரே வந்தாலும் நடக்க முடியாது.

4 ஜூலை

சத்தம் இல்லையே, அம்மா விட்டுவிட்டார் போல என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

திரும்பிப் பார்த்தேன். அம்மா யாரிடமோ எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் இரவல் வாங்கியிருக்கிறார்.

சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். நாளை சொல்கிறேன்.

5 ஜூலை

சொல்லவில்லை.

6 ஜூலை, ஞாயிறு

மூன்று பெண்கள், மூன்று கோல்கள். அம்மாவும் நானும் மேலே மெட்ரோ படிக்கட்டுப் பக்கமே நின்றுவிட்டோம். என்னைத் திரும்பிப் பார்க்கச் சொல்ல முடியாதே, அதனால் கையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை.

மூன்று மணிக்குப் போனார்கள். ஐந்தரைக்கு மழை. ஏழு மணிக்கு அம்மா போன் செய்தார், எடுக்கவில்லை. நானும் செய்தேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. சாலையோரக் கடையில் ஆளுக்கொரு ஐஸ் டீ. இரண்டு போன்களும் மேசையில். இருட்டிக்கொண்டு வந்தது. அம்மா ஒரு நீல நோட்டை எடுத்துக் கடைக்காரக் கிழவியிடம் நீட்டினார். கிழவி விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது ஐந்து லட்சம்” என்று திருப்பிக் கொடுத்தாள்.

மணி எட்டு பத்து.