பொத்தோசி: வெள்ளி மலைக்குள் ஒரு காலை

பொத்தோசியில் முதல் நாள் விடுதிப் படி ஏறவே மூச்சு வாங்கியது. பொலிவியாவின் இந்த ஊர் 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எந்தத் தெருவில் திரும்பினாலும் கோடியில் அந்த மலை தெரிகிறது: செம்மண் நிறத்தில், கூம்பாக, பெயருக்கு ஒரு மரம்கூட இல்லாமல். இங்குள்ள பூர்வகுடிகளான கெச்சுவா மக்களுக்கு அது 'சுமக் ஓர்க்கோ', அழகிய மலை. ஸ்பானியர்கள் வைத்த பெயர் 'செரோ ரிக்கோ', பணக்கார மலை.

1545இல் இங்கே வெள்ளி கிடைத்தது. 1570களில் ஸ்பானிய வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ, ஸ்பானியர்களுக்கு முன் இங்கே ஆண்ட இன்காக்களின் 'மித்தா' என்ற, முறை வைத்து அரசுக்கு வேலை செய்யும் வழக்கத்தைச் சுரங்கத்துக்கான கட்டாய உழைப்பாக மாற்றினார். சுற்று மாகாணங்களின் ஆண்களில் ஏழில் ஒருவர் ஆண்டுதோறும் வரவேண்டும். பெண்டாட்டி பிள்ளைகளோடு, சுமை தூக்கும் லாமா விலங்குகளை ஓட்டிக்கொண்டு, வாரக்கணக்கில் நடந்து வந்தார்கள். பலர் ஊர் திரும்பவில்லை. 1812இல்தான் சட்டப்படி அது ஒழிந்தது.

பழைய நாணயச்சாலை இப்போது அருங்காட்சியகம். வெள்ளியைத் தகடாக்கும் பிரம்மாண்டமான மரச் சக்கரங்கள் மேல்தளத்தில் நிற்கின்றன. அவற்றைக் கீழ்த்தளத்து இருட்டில் கோவேறு கழுதைகள் சுற்றிச் சுற்றி இழுத்திருக்கின்றன. அந்த இருட்டில் கொஞ்ச நேரம் நின்றேன். மேலே கண்ணாடிப் பெட்டியில் பளபளத்த காசுகளைப் பார்க்க அதன்பிறகு மனசே வரவில்லை.

மறுநாள் சுரங்கத்துக்குப் போனோம். வழிகாட்டி, முன்பு இதே மலையில் வேலை பார்த்தவர். உள்ளே இருப்பவர்களுக்குக் கொடுக்க, களைப்புத் தெரியாமல் இருக்க அவர்கள் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் கொக்கா இலையும் குளிர்பானமும் சந்தையில் வாங்கிக்கொள்ளச் சொன்னார். குனிந்து, சில இடங்களில் தவழ்ந்துதான் நகர முடிந்தது. தொண்டை முழுக்கத் தூசி. ஒரு குகையில் கொம்பு வைத்த மண் சிலை. 'தியோ', அதாவது மாமா. பூமிக்கு அடியில் அவர் ஆட்சிதானாம். வழிகாட்டி ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துச் சிலையின் வாயில் செருகினார், மடியில் இலைகளைத் தூவினார். அப்புறம் சாதாரணமாகச் சொன்னார்: "எங்க அப்பா நுரையீரல் கெட்டுத்தான் போனார்."

நல்ல வெள்ளி எப்போதோ தீர்ந்துவிட்டது. இப்போது துத்தநாகமும் கொஞ்சம் வெள்ளியும் வெள்ளீயமும். குடைந்து குடைந்து மலை உச்சியே உள்வாங்குகிறது. 2014இல் யுனெஸ்கோ இந்த ஊரை ஆபத்திலுள்ள பாரம்பரிய இடங்களில் சேர்த்தது. எனக்கோ மலையைவிட அதற்குள் இருக்கும் மனிதர்களை நினைத்துத்தான் பயமாக இருந்தது.

வெளியே வந்தபோது அடுத்த குழு உள்ளே போய்க்கொண்டிருந்தது. கன்னத்தில் கொக்கா இலை புடைக்க ஒரு பையன். பதினேழு, பதினெட்டு இருக்கும். மிச்சமிருந்த குளிர்பானத்தை அவனிடம் கொடுத்தேன். தலையசைத்து வாங்கிக்கொண்டு குனிந்து உள்ளே போனான்.